கடத்தலா, துளையா? காற்றில்லாச் செரிமானத்தில் உயிர்க்கரியின் பங்கு குறித்து

காற்றில்லாச் செரிமானக் கலனில் உயிர்க்கரி சேர்த்தால் மீத்தேன் விரைவில் வரத் தொடங்குகிறது, அமிலத் தேக்கமும் தணிகிறது. இதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. காரணம் எது என்பதில்தான் வழக்கு. இன்று ஓங்கியிருக்கும் விளக்கம் கரியை ஒரு மின்கம்பியாகக் கொள்கிறது. கொழுப்பமிலங்களைச் சிதைக்கும் பாக்டீரியா விடும் எலக்ட்ரான், இடையில் ஹைட்ரஜனாக மாறாமல், கரியின் வழியே மெத்தனோஜென்களைச் சென்றடைகிறது என்பது அதன் சாரம். இந்த விளக்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் முதன்மைச் சான்றை நிதானமாகப் படித்தால், அது வேறு முடிவுக்கும் இடம் தருகிறது.

அந்தச் சான்று 2014இல் வெளியான ஓர் இணைவளர்ப்புச் சோதனை. எத்தனாலை உணவாகக் கொடுத்து, ஜியோபாக்டர் மெட்டலிரெடூசென்ஸ் என்னும் இனத்தை ஒரு வளர்ப்பில் ஜியோபாக்டர் சல்ஃபரெடூசென்ஸுடனும், இன்னொன்றில் மெத்தனோசார்சினா பார்க்கேரியுடனும் சேர்த்து வளர்த்தார்கள். உயிர்க்கரி இட்ட வளர்ப்புகளில் எலக்ட்ரான் பரிமாற்றம் தூண்டப்பட்டது. செல்கள் கரித்துண்டில் ஒட்டியிருந்தன. ஆனால் ஒன்றையொன்று நெருங்கித் தொடவில்லை. ஆகவே எலக்ட்ரான் கரிக்குள் பாய்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. இந்த வளர்ப்பைப் பொறுத்தவரை நேரடிப் பரிமாற்றத்தை நான் மறுக்கவில்லை. எத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் உண்டாக்கித் துணையினத்துக்குக் கொடுத்து வாழும் திறன் அந்த முதல் இனத்துக்கு இல்லை.

ஆனால் அதே சோதனையில் இன்னோர் அளவீடும் உண்டு. பயன்படுத்திய உயிர்க்கரிகளின் மின்கடத்துத்திறன், ஆக்டிவேட்டட் கார்பனைவிட ஏறத்தாழ 1000 மடங்கு குறைவு. அப்படியிருந்தும் தூண்டல் நிகழ்ந்தது. இதை ‘குறைந்த கடத்துத்திறனே போதும்’ என்று படித்துவிட்டு முந்தைய ஆய்வு மரபு மேலே சென்றுவிட்டது. காரணி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியும் விளைவு நிற்கிறது என்றால், அந்தக் காரணிதான் விளைவை ஆள்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு செல் கடத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதற்கு மோசமான கடத்தியும் போதும் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் வாசலைத் தாண்டிய எல்லாக் கரியும் ஒன்றுதான். கடத்துத்திறனை வைத்துக் கரிகளைத் தரம் பிரிக்கும் அட்டவணைகளுக்கு வேலையில்லை. தவிர, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சுட்ட கரியின் மேற்பரப்பில் குயினோன் தொகுதிகள் மிகுதி. அவை எலக்ட்ரானை வாங்கி வைத்துத் திருப்பித் தர வல்லவை. தொடாமல் நிற்கும் இரு செல்களுக்கு இடையே நடந்தது பாய்ச்சலா, இந்தக் கொடுக்கல் வாங்கலா என்பதை ஒட்டியிருக்கும் செல்களின் படம் சொல்லாது.

அடுத்தது பரப்பளவு. கரியின் ‘நுண்துளை வளம்’ என்று தரப்படும் எண், மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜன் வாயு எவ்வளவு ஒட்டுகிறது என்பதிலிருந்து கணக்கிடப்படுவது. அதில் பெரும்பங்கு 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளுடையது. மெத்தனோஜென் ஒன்றின் குறுக்களவோ பொதுவாக அரை மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும்; நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. அந்தத் துளைகளில் அம்மோனியமோ ஃபீனாலோ நுழையலாம், உயிரி நுழையாது. நுண்ணுயிர் குடியேறும் இடத்தைக் காண விறகுக்கரியைக் குறுக்கே உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் போதும். மரத்தில் நீரேற்றிய குழாய்கள் கரியாகியும் கலையாமல், பத்து முதல் நூறு மைக்ரோமீட்டர் அகலத்தில் வரிசையாகத் திறந்திருக்கும். நைட்ரஜன் அளவீட்டில் இந்தக் குழாய்கள் ஏறக்குறைய கணக்கிலேயே வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டளவிலான வேறுபாடு அன்று. சேலம் வட்டாரச் சேகோ ஆலைகளின் கழிவுநீரில் மரவள்ளி மாவுச்சத்து மிகுதி. அது வேகமாகப் புளித்துக் கலனை அமிலமாக்கும். கம்பி விளக்கத்தை நம்பினால் காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டிக்கரியிலிருந்து எடுக்கும் விலைமிகுந்த ஆக்டிவேட்டட் கார்பனைத் தேட வேண்டிவரும். அதன் துளைகளோ பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கு உட்பட்டவை. கரியின் அகன்ற துளைகள் நுண்ணுயிருக்கு இடம் தருவதே முதன்மைக் காரணம் என்னும் என் வாசிப்பு சரியென்றால், இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலக் கரியே போதும். அதன் அகன்ற குழாய்கள் உயிரிக்கு இடம் தரும். சாம்பலில் உள்ள கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் அமிலத்தை ஓரளவு தாங்கும். எத்தனால் ஊட்டிய இரண்டின வளர்ப்பில் கண்டதை, ஹைட்ரஜன் உண்டாக்கும் இனங்கள் மலிந்த சேகோக் கழிவுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சியோலைட் சேர்த்தாலும் கலன் மேம்படுகிறது. அதன் பயன் அம்மோனியம் ஈர்ப்பால் வருவது, அதை இங்கே இழுக்கக் கூடாது என்பர். மின்கடத்தாத துளைப்பொருளும் கலனுக்கு உதவும் என்பதற்கு மட்டுமே அதைச் சுட்டுகிறேன். கலனில் ஜியோபாக்டர் மரபணுத் தடம் பெருகியதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. பெருகியது என்பதற்கே அது சான்று. பெருகிய இனம் எலக்ட்ரானை எவ்வழியில் அனுப்பியது என்பதற்கு அன்று.

ஆகவே ஒப்பீட்டுக் கலன்களை மாற்றி வைக்க வேண்டும். கரி சேர்க்காத கலன் ஒன்றை மட்டும் எதிரே நிறுத்தினால் மேற்சொன்ன காரணங்கள் எதுவும் பிரியாது. அதே சேகோக் கழிவை ஐந்து கலன்களில் இட்டு, ஒன்றைச் சும்மா விட்டு, மற்றவற்றில் முறையே சீமைக்கருவேலக் கரி, அமிலத்தில் கழுவிச் சாம்பல் நீக்கிய அதே கரி, அந்தச் சாம்பல் மட்டும், கரியை ஒத்த துளையகலமுள்ள நுரைக்கல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். நுரைக்கல் மின்சாரம் கடத்தாது. சாம்பல் நீக்கிய கரி நன்றாக இயங்கி, நுரைக்கல் இட்ட கலன் மட்டும் எதுவும் சேர்க்காத கலனைப் போலவே புளித்துப் போனால் என் வாசிப்பு தவறு.