பெயரும் பதிவேடும்: நெல்லைச் சீமையில் அடையாளம் கேட்கும் அதிகாரத்தின் வரலாறு

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் கடந்து புளியங்குடிக்குள் நுழைகிறது. பிறகு கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று போய்ப் புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்தில் இறங்குகிறது. எலுமிச்சை மூட்டையும் காய்கறியும் ஏற்றி இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காவலர் கைகாட்டி நிறுத்துவது பழகிப்போன ஒன்று. அவர்கள் விஷயத்தில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். அதே சாலையோரம் இரவு பத்து மணிக்கு நடந்துபோகிற ஒருவரை நிறுத்தி ‘ஆதார் இருக்கா?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. இந்தியக் குடிமக்கள் எப்போதும் அடையாள அட்டையோடுதான் நடமாட வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. அப்படியானால் கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது இயல்பாகத் தோன்றுவது எப்படி? இந்தச் சாலை கடந்துபோகும் பழைய சங்கரன்கோவில் வட்டாரத்தை மையமாக வைத்து அந்தப் பழக்கம் வந்த வழியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் கேட்கும் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் மிகச் சிறியது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவாக இருந்து, 1973-இல் 42-ஆம் பிரிவாகி, இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 39-ஆம் பிரிவாக அது நிற்கிறது. உடனே கைது செய்ய முடியாத சிறு குற்றம் ஒன்றை ஒருவர் காவலர் கண்முன்னே செய்ய வேண்டும், அல்லது அப்படிச் செய்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இருக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தாலோ, பொய்யென்று நம்பத்தக்கதைச் சொன்னாலோ, அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அவரைக் கைது செய்யலாம். தெரிந்துவிட்டால் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்தில் தெரியாவிட்டால் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இந்தப் பிரிவு கேட்பது வாய்மொழியாகச் சொல்லும் பெயரையும் முகவரியையும்தான். அட்டை, சான்று, ரேகை எதையும் அது கேட்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் தொடரும் இந்தச் சிறு பிரிவுக்கும் தெருவில் நடப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. என் வாதம் இதுதான்: தெருவில் நடப்பது இந்தப் பிரிவிலிருந்து பிறக்கவில்லை, பதிவேட்டிலிருந்து பிறந்தது.

பதிவேடு வருவதற்கு முன் இந்தச் சீமையில் காவலர் ஆளைத் தெரிந்து வைத்திருந்தார். நெற்கட்டும்செவல், சிவகிரி, தலைவன்கோட்டை, ஊத்துமலை, சொக்கம்பட்டி என்று பாளையங்கள் நெருங்கிக் கிடந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் இது. ஊரையும் களத்தையும் காப்பதற்கு மறவர் காவல்காரர்கள் தானியமாகக் கூலி வாங்கினார்கள். களவுபோன பொருளை மீட்டுத் தராவிட்டால் காவல்காரரே ஈடு கட்ட வேண்டும் என்பது வழக்கம். 1859-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் சம்பளம் வாங்கும் சீருடைப் படையைக் கொண்டுவந்தது. அதன்பின் காவல் முறை சட்டத்தின் பார்வையில் மிரட்டிப் பணம் பறிக்கும் தொழிலாகிவிட்டது. ஆனாலும் அது சாகவில்லை. 1917-இல் வெளியான எச்.ஆர். பேட்டின் திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர் அதை அன்றும் நடப்பிலிருக்கும் ஒன்றாகவே பேசுகிறது. நேற்றுவரை ஊரைக் காத்தவர் இன்று கண்காணிக்கப்பட வேண்டியவர் ஆனார். புதிய போலீஸ்காரருக்கோ ஊர் தெரியாது, ஆள் தெரியாது. முகம் தெரியாத நிர்வாகத்துக்குத் தாள் தேவைப்பட்டது.

அந்தத் தாளைக் கொடுத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட அது, 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-இல் மறுபடி தொகுக்கப்பட்டது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ அரசு அறிவிக்கை செய்துவிட்டால், அதைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும், ரேகை எடுக்கப்படும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். அறிவிக்கை சரியா தவறா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி முதல் சட்டத்திலேயே வாசல் அடைக்கப்பட்டிருந்தது. ரேகை இங்கே தற்செயலாக வரவில்லை. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷெல் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைத்தடத்தை வாங்கியதில் தொடங்கியது, 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் ரேகைப் பிரிவாக வளர்ந்தது. அசீசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் வகுத்துக் கொடுத்த வகைப்பாடு எட்வர்ட் ஹென்றியின் பெயரில் லண்டன் போனது. இந்தியக் கிராமத்தானின் விரல்தான் உலகப் போலீஸுக்குப் பாடப் புத்தகம். இதைச் சொல்லும்போது நம் அறிவியல் வரலாற்றாளர்கள் கொஞ்சம் பெருமைப்படுகிறார்கள், எனக்கு அந்தப் பெருமை வரவில்லை.

தென் மாவட்டங்களில் மக்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ படுத்தெழ வேண்டியிருந்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், போன ஊரில் அங்குள்ள அதிகாரியிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. அன்று உயிரிழந்தவர்களாக நினைவுகூரப்படுவோர் 16 பேர், அவர்களில் ஒருவர் மாயக்காள் என்னும் பெண். அடையாளம் கேட்கும் அதிகாரத்துக்கு எதிராகத் தமிழகத்தில் சிந்தப்பட்ட ரத்தம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லத்தக்க நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. கள்ளர்களுக்காக மதுரையில் வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள். ராமநாதபுரம் பக்கம் ஆப்பநாட்டு மறவர்கள்மீது சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அதை அரசியல் போராட்டமாக்கினார். 1947-இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்று திருநெல்வேலி மாவட்ட மறவரும் இருக்கிறார்கள். தாத்தாவைப் பதிவேட்டில் ஏற்றிய அதே சாதிப் பெயருக்கு, பேரன் கல்லூரி இடத்துக்காகத் தாசில்தாரிடம் சான்றிதழ் கேட்டு நிற்கிறான்.

சாதி ஒரு வாசல் என்றால் நோய் இன்னொரு வாசல். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதும், 1897-இல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து ரயிலேறிச் சென்னை மாகாணத்துக்குள் வந்தவர்களுக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். பெயர், புறப்பட்ட இடம், போய்ச்சேரும் இடம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும், போன ஊரில் நாள்தோறும் அதிகாரி முன் போய் நிற்க வேண்டும். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே 1897 சட்டம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் தென்காசி மாவட்டத்தில் கொரோனா தொற்று அதிகமாகக் காணப்பட்ட ஊர்களில் புளியங்குடி முன்னணியில் இருந்தது. தெருக்கள் தகரம் வைத்து அடைக்கப்பட்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கட்டாயமானது. ராஜபாளையம் இங்குள்ளவர்களுக்கு அன்றாடம் போய்வரும் பக்கத்து ஊர், ஆனால் விருதுநகர் மாவட்டம். பல மாதங்கள் திருமணம், மரணம், மருத்துவம் போன்ற காரணங்களைச் சொல்லி விண்ணப்பித்தவர்களுக்கே பாஸ் கிடைத்தது. 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. தொற்றைத் தடுக்க ஒரு நடவடிக்கை தேவைப்பட்டது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘எங்க போற, எதுக்குப் போற, சீட்டு எங்க’ என்று யாரையும் கேட்கலாம் என்ற எண்ணம் ஒரு சாதியின் எல்லையைத் தாண்டி எல்லோர்மீதும் படிந்தது அந்தக் கோடையில்தான்.

சுதந்திர இந்தியாவில் இந்த அதிகாரத்துக்கு நீதிமன்றங்கள் வைத்த வேலிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 1898 சட்டத்தின் 109-ஆம் பிரிவு, ‘தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர இயலாதவர்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்க இடம் கொடுத்தது. 1973 சட்டம் அந்த வாசகத்தைக் கைவிட்டது, மறைந்து திரிவதை மட்டும் வைத்துக்கொண்டது. ‘சந்தேக கேஸ்’ என்று ஊர்ப்புறத்தில் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. 1961-இல் பம்பாய் அரசு எதிர் காத்தி காலு ஓகட் வழக்கில் பதினோரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ரேகை கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது. 1962-இல் கரக் சிங் வழக்கில், இரவில் வீட்டுக்கதவைத் தட்டிப் பார்க்கும் போலீஸ் விதியை மட்டும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கண்காணிப்பின் மற்ற வடிவங்கள் தப்பின. நீதிபதி சுப்பா ராவ் முழு விதியும் செல்லாது என்று மாறுபட்டு எழுதினார். அவர் எழுதியதன் சாரம் சட்டமாக 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வரை, புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையென்று ஒன்பது நீதிபதிகள் சொல்லும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே பதிவேடு வேறு பெயரில் வளர்ந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானதற்கு அடுத்த ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. கூட்டத்துக்குப் பதில் தனிமனிதன் என்பதே முக்கிய மாற்றம். தனிமனிதரைக் கண்காணிப்பதற்கான ஹிஸ்டரி ஷீட் காவல் நிலையங்களில் இன்றும் திறக்கப்படுகிறது. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், பின்தங்கிய சமூகத்தவர்மீது அவற்றை இயந்திரத்தனமாகத் திறக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று மீண்டும் சொன்னது. ஒரு தொழிலாளியைத் தெருவில் நிறுத்தும்போது அவர் பெயரைவிட அவர் எந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்ற ஊகமே முந்திக்கொள்கிறது. 2012-இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், சென்னையில் வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற ஆணை வந்ததும் இந்த வழியில்தான். அப்போது பட்டியலுக்கு வந்தவர்கள் வட மாநிலத்தார்.

அட்டையே சட்டமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் நம் உறவினர்களிடம் சான்று உண்டு. இலங்கையில் 1968-ஆம் ஆண்டு ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் கொழும்பின் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அட்டையில் இருந்த பெயரும் பிறந்த இடமும் ஒருவரைத் தமிழரென்று காட்டிக்கொடுத்தன. 2007 ஜூன் 7-ஆம் தேதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிரிட்டன் எதிர்த் திசையில் போனது. போர்க்கால அட்டையைக் காட்ட மறுத்த கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் வழக்கில் 1951-இல் தலைமை நீதிபதி காடார்ட் பிரபு, போருக்காகத் தந்த அதிகாரத்தை அன்றாடச் சோதனைக்குப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிந்தது. அதே 1952 ஆகஸ்டில்தான் இந்தியா முழுவதும் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது.

இந்தியச் சட்டம் எதிர்ப்பக்கமாகவும் ஒரு கேள்வியை அனுமதிக்கிறது. 1996-இல் டி.கே. பாசு வழக்கின் நெறிமுறைகளில் முதலாவது, கைது செய்யும் காவலர் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவு. தன் பெயரைச் சொல்லும் கடமை முதலில் சீருடைக்கே என்று இதற்கு அர்த்தம். எளிய மனிதர்கள் இதை அறிந்து கேட்பது அரிது, கேட்டால் கோபம் வருவது அரிதல்ல.

பழைய ரேகைச் சட்டத்துக்கு நேரடி வாரிசு தெருவில் இல்லை, காவல் நிலையத்துக்குள் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் நடப்புக்கு வந்தது. விரல், உள்ளங்கை, பாத ரேகைகளோடு கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரிகள், கையெழுத்து வரை எடுக்கலாம். மறுப்பது குற்றம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்தபின், பதிவுகளை அழிக்க வேண்டும், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போட்டாலொழிய. மற்றவர்களுடையவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைப் பதிவேட்டின் ஆயுள் 1911 முதல் 1947 வரை, 36 ஆண்டுகள்.