மூன்று லிங், பத்து ஹாடக்

வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்துத் தீவில் பயிர் விளைவது அரிது. கப்பல் கட்டத்தக்க மரமும் இல்லை. காற்றில் உலர்த்திய காட் மீனைக் கொடுத்தே தீவினர் மாவும் இரும்பும் மரமும் பெற்றுவந்தனர். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரும் செருமானியரும் இம்மீனுக்காகப் போட்டியிட்டனர். வாங்குவோர் பலராயிருந்தமையால் விற்பவனுக்குப் பேரம் பேச வாய் இருந்தது.

1602இல் அவ்வாய் அடைபட்டது. தீவை ஆண்ட டென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியன், கோபன்ஹேகன் முதலிய மூன்று நகரங்களின் வணிகர்க்கே வாணிக உரிமையை வழங்கினான். 1684இல் தளை மேலும் இறுகிற்று. தீவு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது; தத்தம் வட்டாரத்து வணிகனிடம் மட்டுமே எவரும் விற்கவும் வாங்கவும் வேண்டுமென்பது விதியாயிற்று.

இவ்விதியின் கொடுமையை உணர ஒரு வழக்கே போதும். ஹோல்ம்பாஸ்தூர் குட்முண்ட்சன் என்னும் ஏழை, ஹாப்னார்பியோர்தூர் வணிகனுக்கு உரிய மீனைக் கெப்லாவிக் துறையில் விற்றுவிட்டான். எத்துணை மீன்? லிங் மூன்று, ஹாடக் பத்து, அவற்றோடு மீனின் காற்றுப்பைக் கட்டுகள் சில. தண்டம் செலுத்த வழியின்றித் தன் பழைய படகையே கொடுக்க முன்வந்தான், வணிகன் ஏற்கவில்லை. 1699இல் அவனைக் கம்பத்தில் கட்டிக் கசையால் அடித்தனர். அவ்வடியைத் தீவினர் மறக்கவில்லை. 1955இல் நோபல் பரிசு பெற்ற ஹால்தோர் லக்சுனஸ், ‘ஐஸ்லாந்தின் மணி’ என்னும் புதினத்தில் அவ்வேழையையும் ஒரு பாத்திரமாக்கினார்.

பழி முழுவதையும் டேனியர் மீது சுமத்துதல் எளிது. ஆனால் அது பாதி உண்மையே. அரச விலைப்பட்டியல் மீனுக்குக் குறைந்த விலையும், இறைச்சி, கம்பளி ஆகியவற்றுக்கு ஒப்புநோக்கில் நல்ல விலையும் வைத்தது. இதனால் உள்நாட்டு நிலக்கிழார்க்கு இழப்பில்லை. கடற்கரையில் மீனவர் ஊர்கள் பெருகினால் பண்ணைக்கு ஆள் கிடைக்காதென்பதே அவர்தம் அச்சம். நிலமற்றோர் ஏதேனும் ஒரு பண்ணையில் பணியாளாய் அடங்கியிருக்க வேண்டுமெனச் சட்டமும் இருந்தது. குளிர்காலத்தில் அப்பணியாள் உயிரைப் பணயம் வைத்துக் கடலிற் பிடித்த மீனில் அவனுக்குரிய பங்கு பண்ணையார்க்கே சென்றது. அயலவன் பூட்டிய பூட்டுக்கு உள்ளூரான் காவலிருந்தான் எனலாம்.

1783இல் லாக்கி எரிமலை வெடித்தது. கால்நடைகள் மாண்டன, தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மடிந்தனர். அதன் பின்னரே, 1787இல், தனியுரிமை நீக்கப்பட்டது. அப்போதும் டென்மார்க்கு மன்னனின் குடிகளுக்கே வாணிகம் திறந்தது. பிறநாட்டார் தடையின்றி வந்து மீன் வாங்குவதற்கு 1855 வரை தீவினர் காத்திருந்தனர்.