பூச்சியமும் ஒன்றும்: சாக்கெட் நிலையான உள்ளீடான வரலாறு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போதே 0, 1, 2 என்னும் மூன்று கோப்பு எண்கள் அதற்கு வாய்த்துவிடுகின்றன. அவை முறையே நிலையான உள்ளீடு, நிலையான வெளியீடு, பிழைச் செய்திக்கான வெளியீடு ஆகியவற்றைக் குறிக்கும். எண்ணுக்குப் பின்னால் இருப்பது விசைப்பலகையா, கோப்பா, வேறொரு நிரலா என்பது நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. சக ஆய்வாளர் டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதன்பேரில், யூனிக்ஸை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன் 1973-இல், ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் பைப் வசதியைச் சேர்க்க முடிந்தது இந்த அறியாமையை நம்பித்தான்.

கோப்பு எண்ணைப் படியெடுக்கும் பழைய ‘டியூப்’ அழைப்பு, காலியாக உள்ளவற்றுள் மிகச் சிறிய எண்ணையே தரும். எனவே 0-ஐ மூடிய கையோடு அதை அழைத்தால், வேண்டிய கோப்பின் படி 0-இல் வந்து அமரும். 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பின் ‘டியூப்2’, இவ்விரு செயல்களையும் ஒன்றாக்கியது. 1983-இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி, வலையிணைப்பின் முனையாகிய சாக்கெட்டுக்கும் அதே வரிசையிலேயே எண் வழங்கியது. பின்னர் நிகழ்ந்தவை அனைத்துக்கும் இம்முடிவே வேர். வந்த இணைப்பை ஏற்று, ‘ஃபோர்க்’ வழியே சேய்ச் செயலைப் பிரித்து, சாக்கெட்டை 0, 1, 2 ஆகியவற்றின்மேல் படியெடுத்து, ‘எக்செக்’ மூலம் மற்றொரு நிரலை ஏற்றினால், வலையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத நிரல்கூட வலைச் சேவையாகிவிடும். 1986-இல் 4.3 பிஎஸ்டியுடன் வந்த ‘ஐநெட்-டி’, பல சேவைகளுக்கான இவ்வேலையை ஒரே நிரலிடம் ஒப்படைத்தது.

சிக்கல் சி மொழியின் நூலகத்தில் இருந்தது. வெளியீடு முனையத்துக்குச் சென்றால் வரி முடிந்ததும் அனுப்பிவிடும் நூலகம், சாக்கெட்டுக்குச் சென்றால் பஃபர் எனப்படும் தேக்கிடம் நிரம்பும்வரை காத்திருக்கும். தேங்கியதை உடனே அனுப்பவைக்கும் ‘எஃப்ஃபிளஷ்’ அழைக்க மறந்த நிரல், கேட்டுவிட்டதாக எண்ணி விடைக்குக் காத்திருக்க, கேள்வியே வந்து சேராத மறுமுனையும் காத்துக்கிடக்கும். இதனினும் கொடியது 1988 நவம்பர் 2 அன்று கணினிக்குக் கணினி தானாகப் பரவிய மோரிஸ் புழு என்னும் நிரல். ஐநெட்-டி இயக்கிய ‘ஃபிங்கர்-டி’ என்னும் சேவை நிரல், அளவு பாராமல் வரியைப் படிக்கும் ‘கெட்ஸ்’ கொண்டு 512 பைட் இடத்தில் உள்ளீட்டை வாங்கிக்கொண்டிருந்தது. புழு 536 பைட் அனுப்பி, வாக்ஸ் வகைக் கணினிகளில், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லை எழுப்பியது. 0-உம் 1-உம் ஏற்கெனவே சாக்கெட்டாக இருந்தமையால், அந்த ஷெல்லோடு உரையாடப் புழுவுக்குத் தனிவழி தேவைப்படவில்லை. ‘கெட்ஸ்’ சி மொழித் தரத்திலிருந்து நீங்க 2011 வரை ஆயிற்று என்பது வியப்புக்குரியது.

ஐநெட்-டி தோன்றிய அதே 1986-இல் இந்தியாவில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டத்தில் மெட்ராஸ் ஐஐடியும் பங்கேற்றது. அதன் தொடக்கக் கட்டத்தில் மின்னஞ்சலைச் சுமந்தது தொலைபேசித் தடத்தில் இயங்கிய யுயுசிபி முறை. அம்முறையில் மோடம் வழியே நுழையும் கணினிக்கு ஷெல்லுக்கு மாற்றாக ‘யுயுசிகோ’ என்னும் நிரல் ஓடும். அதற்கு உள்ளீடும் வெளியீடும் அந்தத் தடமே. ஆக, சாக்கெட் இல்லாத இடத்திலும் கொள்கை ஒன்றே.

1995 ஆகஸ்ட் 15 முதல் அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் வழங்கியபோது, மலிவான ஷெல் கணக்குகளில் எழுத்துத் திரை மட்டுமே கிடைத்தது. அத்தகைய கணக்குகளுக்காகவே அக்காலத்தில் உலகில் புழங்கிய ‘ஸ்லர்ப்’, திசையைத் திருப்பிப்போட்டது: அது தன் நிலையான உள்ளீட்டில் வரும் இணையப் பொட்டலங்களைப் பிரித்து, பயனருக்காகச் சாக்கெட்டுகளைத் திறந்து, பதிலை நிலையான வெளியீட்டில் எழுதியது. அதன் நிரல்வரிகள் பின்னர் ‘கியூஎமு’ மெய்நிகர் கணினியின் வலையமைப்புப் பகுதியில் இடம்பெற்றன.