பாளையிலிருந்து பிழாவரை

வட இலங்கையின் பூநகரியில் பொழுது புலரமுன்னமே கள்ளின் பயணம் தொடங்கிவிடும். சீவல் தொழிலாளி காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு பனையில் ஏறுவார். ஆண்பனை, பெண்பனை இரண்டுமே கள்ளுத் தரும். ஆனால் கேட்டவுடன் தராது. இளம்பாளையைக் கட்டி, நாட்கணக்கில் தட்டி நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அதன்பிறகு நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால் சாறு துளித்துளியாக முட்டிக்குள் இறங்கும். காலமையும் பின்னேரமும் ஏறிச் சீவாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைத்துவிடும். காய்ச்சல் என்றோ கலியாணவீடு என்றோ மரத்துக்குத் தவணை சொல்ல முடியாது.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர். பிள்ளைகளும் குடிப்பார்கள், காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் காற்றில் வரும் மதுவமும் முட்டியில் முதல்நாள் ஒட்டிக் கிடந்த மதுவமும் சேர்ந்து சீனியை உடனே நொதிக்கவைக்கும். இறக்கிய கையோடு குடித்தால் இனிப்பு. வெயில் ஏற நுரைத்துக் கடுக்கும். பொழுதுபட்டால் புளிக்கும். மறுநாள் வினாகிரிப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரே மரம் இரண்டு நாளுக்குள் இத்தனை ருசி தருகிறது.

இந்த அவசரந்தான் கள்ளு விற்கும் தவறணையை ஊருக்குள்ளேயே வைத்திருக்கிறது. மரத்துக்கும் குடிப்பவருக்கும் இடையில் சைக்கிளில் கலன் கட்டிப் போகும் தூரந்தான் இருக்கலாம். தகரக் கொட்டில், நாலு வாங்கு, வடிகட்டி அளந்து ஊற்றும் ஒருவர், பக்கத்தில் பொரித்த மீனும் அவித்த கடலையும் ‘ரேஸ்ற்’றுக்கு. ஓலையில் கோலிய பிழாவை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பவர், இன்றைக்கு ஆற்றை மரத்துக் கள்ளு என்று கேட்பார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு வந்தது, ஆரின் வயல் அறுவடைக்கு நிற்கிறது என்ற சங்கதியெல்லாம் அங்கேதான் ஊர் சுற்றும். பனையின் பருவம் முடிந்தால் பளைப் பக்கத்துத் தென்னங்கள்ளு அந்த இடத்தைப் பிடிக்கும்.

தவறணை வாங்கில் எல்லாரும் ஒன்றாக இருந்து குடிக்கும் இந்தச் சமத்துவம் தானாக வந்ததல்ல. கள்ளை விரும்பிக் குடித்த அதே சமூகம், அதை இறக்கியவரைத் தேநீர்க்கடை வாங்கிலும் கோயில் வாசலிலும் தள்ளிவைத்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் வடக்கு முழுவதையும் உலுக்கியது. 1972 இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. இறக்கியவரே சங்கத்தின் அங்கத்தவர், விற்பனையில் பங்காளர் என்றானபோது, கள்ளின் பயணத்தில் முதல்முறையாக உழைப்புக்கு மரியாதை ஏறியது. தவறணையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போர் அந்தப் பயணத்தை அறுத்தது. வன்னியின் பனைகள் பதுங்குகுழிக்குக் குற்றிகளாகின. எறிகணை பட்டு வட்டிழந்து நின்றன. 2009 இல் சனம் முழுவதும் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்தபோது சீவ ஆளில்லை, பாளைகள் வீணே முற்றின. மீள்குடியேறிய ஊர்களில், தறப்பாள் கொட்டில்களுக்கிடையே எஞ்சிய மரத்தில் முட்டி கட்டியவரின் கையில்தான் அன்றாடக் காசு புழங்கத் தொடங்கியது.

இன்று கள்ளு வேறு வழிகளிலும் பயணிக்கிறது. நொதிப்பை நிறுத்திப் போத்தலில் அடைத்தால் கடல் கடந்து புலம்பெயர்ந்தோரிடமும் போகும். வடித்தால் பனஞ்சாராயம், வடமராட்சியின் திக்கம் வடிசாலை அதற்குப் பேர்போனது. அந்தச் சந்தை வளரட்டும். ஆனால் போத்தலால் தவறணையின் இடத்தை நிரப்ப முடியாது. குடி அளவு மிஞ்சினால் குடும்பத்தின் சோற்றைத் தின்னும் என்பது உண்மைதான். அதற்கும் ஊர்த் தவறணையே காவல். மிஞ்சுகிறவரை முகம் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தை விற்பவன் அதைச் செய்யமாட்டான்.

இளம் பெடியள் மரமேற வராததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். விழுந்தால் முள்ளந்தண்டு முறியும் தொழில் அது. பாதுகாப்பான ஏறுகருவியும் காப்புறுதியும் நிரந்தர வருமானமும் கொடுத்தால் வருவார்கள். இன்று ஊன்றும் பனங்கொட்டை பாளை விடப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகலாம். ஆகவே விதைப்பையும் தொழிலாளியின் பாதுகாப்பையும் சங்கங்கள் இப்போதே கையிலெடுக்க வேண்டும். தவறணையில் இருந்து கதைக்க விரும்பும் நாமும் அவற்றோடு நிற்க வேண்டும்.