தாய்மார் வழங்கிய பெயர்

வகுப்பில் மெலிந்த மாணவன் ஒருவனைச் 'சவலைப் பிள்ளை' என்று மற்றவர் எள்ளியபோது, ஆசிரியனாகிய நானும் நகைத்ததுண்டு. தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பால் இழந்து நலிந்த குழந்தை என்பதே அச்சொல்லின் பொருள். நேயர்களே, இதே பொருளுடைய சொல் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து மருத்துவ நூல்களில் ஏறியது.

1929-இல் கோல்டு கோஸ்ட்டிற்கு, அதாவது இன்றைய கானாவிற்கு, சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் சென்றார். அக்ரா நகரில், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் சிலர் கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் வெளுத்து மாண்டனர். பால் மறந்தபின் அவர்கள் உண்டது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சியே. புரதக் குறைவு காரணமாகலாம் என 1933-இல் அம்மையார் எழுதினார். அது பெல்லாக்ரா நோயே என்று அறிஞர் சிலர் மறுத்தனர். அவர் தளரவில்லை. 1935-இல் 'லான்செட்' இதழில், கா மொழி பேசும் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்னும் பெயரையே அந்நோய்க்குச் சூட்டினார். அடுத்த பிள்ளை பிறக்கையில் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். காரணத்தைப் பாதி சொல்லிவிடும் பெயர் அன்றோ அது! 1952-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க ஆய்வும் அப்பெயரையே தலைப்பில் தாங்கியது. புரதக் குறைவு மட்டுமே காரணமா என்னும் விவாதம் இன்னும் தீரவில்லை.