அன்பே நெறியாக: ஏ. ஜே. அப்பாசாமியின் ‘பக்தி மார்க்கம்’ – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவம் பற்றி நம் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. அச்சு, அகராதி, உரைநடை, எழுத்துச் சீர்திருத்தம் என்று ‘கிறித்தவர்களின் தமிழ்த்தொண்டு’ வகைப்படுத்தப்படுகிறது. இத்தொண்டு மறுக்கவியலாதது. ஆயினும், அச்சமயத்தைத் தழுவியோரை உள்ளிருந்து இயக்கிய உணர்வு யாது என்னும் வினாவுக்கு இப்பட்டியலில் இடமில்லை. இறைவன்மீது கொள்ளும் அன்பே கிறித்தவ வாழ்வின் மைய உந்துதல் என்று நிறுவ முயன்ற ஏ. ஜே. அப்பாசாமியின் (1891–1975) சிந்தனையை அதன் வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வினாவின் தொன்மை

கட்டளைகளுள் தலையாயது எது என்று வினவப்பட்டபோது, முழு உள்ளத்தோடு இறைவனை அன்புசெய்வதையே இயேசு முதலில் வைத்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. எனினும், தண்டனை பற்றிய அச்சமும் பேரின்ப வாழ்வு பற்றிய ஆசையும் கிறித்தவ வாழ்வில் என்றும் உடனிருந்து வந்துள்ளன. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவரான பெர்னார்டு, இறையன்பைப் பற்றித் தனிநூல் இயற்றி அதனை நான்கு படிகளாக வகுத்தார். தன்பொருட்டுத் தன்னையே நேசிப்பது முதற்படி. தன் நலம் கருதி இறைவனை நேசிப்பது இரண்டாவது. இறைவன்பொருட்டே இறைவனை நேசிப்பது மூன்றாவது. இறைவன்பொருட்டு மட்டுமே தன்னை நேசிப்பது நான்காவது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பிரான்சில் இதே வினா பெரும்பூசலாக வெடித்தது. தன் மீட்பையும் கருதாத தூய அன்பு இயலும் என்று ஃபெனலோன் 1697இல் எழுதினார். பொசுவே அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1699இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் இன்னசென்ட், ஃபெனலோன் நூலின் 23 கூற்றுகளைக் கண்டித்தார். இறையன்பு என்பது எல்லாரும் எளிதில் உடன்பட்டுவிடும் பொதுச்சொல் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தமிழ்ப் பின்னணி

தமிழில் இவ்வினா வேறொரு நிலத்தில் வேரூன்றியது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் பாடும் மரபைச் செழுமைப்படுத்தியிருந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கிறித்துவைத் தலைவனாகவும் திருச்சபையைத் தலைவியாகவும் அமைத்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), பனியனின் ஆங்கில நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்னும் காப்பியத்தை இயற்றினார். ‘இரட்சணிய மனோகரம்’ என்னும் நூலில் பக்திப் பாசுரங்களின் நெகிழ்ச்சியைக் கிறித்துவை நோக்கித் திருப்பினார். இவர்கள் கவிஞர்கள். தாம் உணர்ந்ததைப் பாடினார்களேயன்றி, அவ்வுணர்வைக் கோட்பாடாக வகுக்க முற்படவில்லை. அப்பணி அடுத்த தலைமுறைக்கு எஞ்சி நின்றது.

அப்பாசாமியும் அவர்தம் ஆய்வும்

அப்பாசாமி பாளையங்கோட்டையில் பிறந்தவர். சைவத்திலிருந்து கிறித்தவத்தைத் தழுவிய அவர் தந்தையார், பிற்காலத்தில் தியானப் பயிற்சியில் ஈடுபாடு கொண்டிருந்தார். அமெரிக்காவில் பயின்றபின் ஆக்ஸ்போர்டு சென்ற அப்பாசாமி, இந்து பக்தி இலக்கியத்தின் இறையனுபவத்தை யோவான் நற்செய்தியோடு ஒப்பிட்டு 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். ‘பக்தி மார்க்கமாகக் கிறித்தவம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1927இல் வெளிவந்தது. வீடுபேற்றின் இயல்பை ஆராயும் நூல் 1931இல் தொடர்ந்தது. 1930இல் அவர் தொகுத்த ‘ஆலய மணிகள்’ என்னும் பொருளுடைய நூல், இந்து பக்திப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளைக் கிறித்தவர்களின் தியானத்துக்கு வழங்கிற்று. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயராகப் பொறுப்பேற்று 1959வரை பணியாற்றினார்.

அவருடைய வாதத்தைச் சுருக்கமாகக் கூறலாம். யோவான் நற்செய்தி கூறும் ‘வாழ்வு’ மறுமைக்கு மட்டும் உரியதன்று. இம்மையிலேயே தொடங்கும் இறையுறவு அது. அவ்வுறவின் பெயர் அன்பு. எனவே வீடுபேறு என்பதும் இறைவனோடு அன்பால் ஒன்றியிருப்பதேயாகும். ஆனால் இவ்வொன்றிப்பு எத்தகையது? தந்தையும் தாமும் ஒன்றே என்று இயேசு கூறுவதை அத்துவைத நோக்கில் விளக்கியோர் இந்தியாவில் இருந்தனர். அப்பாசாமி அதனை ஏற்கவில்லை. அது விருப்பாலும் செயலாலும் அமைந்த ஒருமை என்பது அவர் முடிபு. உயிர் இறைவனில் கரைந்து மறைவதில்லை. அன்புசெய்ய இருவர் வேண்டும். இவ்விடத்தில் அவருக்குத் துணைநின்றவர் இராமாநுசர். உலகும் உயிர்களும் இறைவனின் உடல். இறைவன் அவற்றுள் உறையும் அந்தர்யாமி என்னும் விசிட்டாத்துவைதக் கருத்து, இறைவனின் அண்மையையும் வேறுபாட்டையும் ஒருங்கே பேச அவருக்கு இடமளித்தது.

எதிர்நிலைகள்

இச்சிந்தனை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. சுவீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரன், 1930இல் வெளியிட்ட நூலில் இருவகை அன்பைப் பிரித்துக் காட்டினார். மனிதன் இறைவனை நோக்கி ஏறும் அன்பு கிரேக்கருடையது. இறைவன் மனிதனை நோக்கி இறங்கும் அன்பே கிறித்தவத்துக்கு உரியது என்றார். மனிதனின் மறுமொழியை அன்பு என்பதைவிட நம்பிக்கை என்பதே பொருந்தும் என்பது அவர் நிலை. 1938ஆம் ஆண்டு இறுதியில் தாம்பரத்தில் நடைபெற்ற அனைத்துலகக் கிறித்தவ மாநாட்டையொட்டி எழுதிய ஹெண்ட்ரிக் கிரேமர், கிறித்தவ வெளிப்பாடு பிற சமயங்களின் தொடர்ச்சியோ நிறைவோ அன்று என வலியுறுத்தினார். பாவத்தின் கொடுமைக்கும் சிலுவைக்கும் அப்பாசாமி போதிய இடம் தரவில்லை என்ற குறையும் கூறப்பட்டது.

இவற்றினும் கூர்மையான கேள்வி 1980களில் உருவான தலித் இறையியலிலிருந்து எழுந்தது. இந்தியக் கிறித்தவர்களுள் மிகப்பலர் ஒடுக்கப்பட்ட சாதியினராயிருக்க, இந்தியக் கிறித்தவ இறையியலோ வேதாந்த மரபுகளோடு மட்டுமே உரையாடியது என்று அது சுட்டிக்காட்டியது. நியாயமான குற்றச்சாட்டு இது. இராமாநுசரின் மெய்யியலில் தம் வாழ்வின் விடையைத் தேட வாய்ப்பே பெறாதவர்களுக்கு, அன்புநெறி எந்த விடுதலையைத் தந்தது?

இவ்வினாவுக்கான விடையின் வித்து அப்பாசாமி தேர்ந்துகொண்ட யோவான் மரபிலேயே உள்ளது என்பது என் கருத்து. கண்ணால் காணும் சகோதரனிடம் அன்பில்லாதவன் காணாத இறைவனிடம் அன்புகொள்ள இயலாது என்று யோவானின் முதல் திருமுகம் உரைக்கிறது. இறையன்பை உள்ளக் கனிவாக மட்டும் கொள்வோரை அத்திருமுகம் மறுக்கிறது. ஒன்றிப்பு விருப்பிலும் செயலிலும் அமைவது என்றால், சேரியையும் ஊரையும் பிரிக்கும் செயல் அவ்வொன்றிப்பைப் பொய்யாக்கும். அப்பாசாமியின் கோட்பாட்டை அதன் சொந்த அளவுகோலாலேயே அளக்கலாம் என்பதே அதன் வலிமை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, தமிழ்க் கிறித்தவத்தின் பக்தி வடிவம் மதம் பரப்புவதற்கென அணிந்துகொண்ட புறவேடம் மட்டுமன்று. கிறித்தவத்தின் மையம் எது என்னும் பழைய வினாவுக்குத் தமிழ்மண் அளித்த விடையுமாகும். மற்றொன்று, ஒற்றுமை கண்டவுடன் இரு மரபுகளையும் ஒன்றென்று முடிவுகட்டுதலும் தவறு. இராமாநுசரிடம் கடன்பெற்ற அப்பாசாமி, அவதாரம் ஒருமுறையே நிகழ்ந்தது என்பதில் உறுதியாக நின்றார்.

வகுப்பறையில் ‘பெத்லகேம் குறவஞ்சி’யையோ ‘இரட்சணிய மனோகர’த்தையோ கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டையும் ஆசிரியரையும் குறிப்பிடுவதோடு அமையாமல், திருவாசகத்தையும் திருவாய்மொழியையும் அருகில் வைத்து, ‘இங்கு அன்புகொள்பவர் யார்? எதற்காக? அவ்வன்பு அவரை எவரிடம் அனுப்புகிறது?’ என்று மாணவரைக் கேட்கச் செய்தல் நலம். கடைசி வினாவுக்கு இருதிறத்து அடியார்களும் விடையளிக்கக் கடமைப்பட்டவர்களே.