சிராங்கூன் சாலையும் பல்லாங்குழியும்

சிங்கப்பூர்த் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸுடன் வந்திறங்கிய நாராயண பிள்ளையையும், 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும், மாட்டு வாணிபத்தின் நினைவைத் தெருப்பெயர்களிலேயே இன்றும் தாங்கி நிற்கும் சிராங்கூன் சாலையின் சுற்றுப்புறத்தையும் விரிவாகவே வர்ணித்திருக்கிறார்கள். ஆனால், மத்தியான வேளையில் வீட்டுக்குள்ளே பாட்டியும் பேத்தியும் எதிரெதிராக அமர்ந்து ஆடிய பல்லாங்குழிக்கு அந்த ஏடுகளில் கிடைத்த இடம் மிகச் சொற்பம். பள்ளிக்கூடத்து வாசலை மிதிப்பதற்கு முன்பே நம் குழந்தைகள் பலருக்கு எண்ணும் பேச்சும் ஒருங்கே பழகியது அந்தப் பலகையின் முன்னேதான் என்பதால், அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

இந்த ஆட்டம் இந்நகருக்குக் காலந்தாழ்ந்தே வந்திருக்க வேண்டும். பல்லாங்குழி பெண்களின் கையோடு செல்லும் பொருள். மணமகளுக்கு வைக்கும் சீரில் இடம்பெற்றது. பூப்பெய்திய பெண் தனித்திருக்கும் நாட்களுக்குத் துணையானது. இங்கே வந்த தமிழரோ நெடுங்காலம் பெரும்பாலும் தனியாட்களாகவே வந்தார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்கள் இருந்தார்கள். அத்தகைய ஊரில் பாட்டிக்கு எங்கே போவது? கூலித் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்திய பிறகும், யுத்தம் ஓய்ந்த பிறகும்தான் குடும்பங்கள் திரளாக வரத் தொடங்கின. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகும் வரையில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரஜூலா போன்ற கப்பல்களிலே மனைவிமாரும் மாமியார்மாரும் வந்திறங்கினார்கள். பலகை கொண்டுவர இயலாதவர்களுக்கும் குறை நேரவில்லை. மண்தரையில் பதினான்கு குழி தோண்டிவிட்டால் ஆட்டம் ஆயத்தம்.

அதன் விதிகள் வீட்டுக்கு வீடு சற்றே மாறினாலும், பொதுவான அமைப்பு இதுதான். பக்கத்துக்கு ஏழு குழிகள். குழிக்கு ஐந்து முத்து வீதம் மொத்தம் 70. தன் பக்கத்துக் குழி ஒன்றை வாரி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் சென்று, கை காலியானதும் அதற்கடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும்; அடுத்த குழி வெறுமையாயிருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அப்பாலுள்ள குழியின் முத்துக்களை வென்றெடுக்கலாம். இடையே ஒரு குழியில் நான்கு முத்துச் சேர்ந்துவிட்டால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஐந்து வயதுக் குழந்தை முதலில் முத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். பழகப் பழக, ஐந்து முத்துள்ள குழியை வாரினால் கை ஆறாவது குழிக்கு வந்து நிற்கும், அது காலியானால் ஏழாவதில் உள்ளது தனக்கு என்பதை, விரலை அசைக்காமலே கண்ணால் கணித்துவிடும். பசு விளைந்ததைக் கவனியாமல் விட்டுவிட்டுப் பிறகு அழுதால், "உன் பசுவை நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிடுவாள் பாட்டி.

எனினும் என் மனத்துக்கு மிகவும் பிடித்த கட்டம் ஆட்டம் முடிந்த பிறகு வருவது. ஒருவரிடம் 38 முத்தும் மற்றவரிடம் 32 முத்தும் சேர்ந்திருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் குழியை அவரவரே நிரப்ப வேண்டும். 38 உள்ளவர் ஏழு குழியையும் நிரப்பி மூன்றை மிச்சம் வைப்பார், 32 உள்ளவரோ ஆறு குழியை நிரப்பி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாவது குழியை இழப்பார். வகுத்தல் என்ற பெயரையே கேட்டிராத குழந்தை, ஈவையும் மீதியையும் இவ்விதம் கையாலே அறிந்துகொள்கிறது. அதுவும் தன் சொந்த நஷ்டத்தின் வாயிலாக அறிவதால் மறப்பதேயில்லை.

இந்த நகரத்தில் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பாக்கியமும் வாய்த்தது. கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பில் அடுத்த வீட்டு மலாய்க் குழந்தைகள் ஆடிய சொங்காக், பல்லாங்குழிக்குச் சகோதரி முறை. அதிலும் பக்கத்துக்கு ஏழு குழிகள்தான். ஆனால் பலகையின் இரு கோடியிலும் ஆளுக்கொரு 'வீடு' உண்டு, குழிக்கு ஏழாக 98 காய்கள் உண்டு, கடைசிக் காய் தன் வீட்டில் விழுந்தால் மறுபடியும் ஆடும் உரிமையும் உண்டு. ராயல் ஏஷியாடிக் சங்கத்தின் நீரிணைக் கிளை நடத்திய சஞ்சிகையில் 1907இலும் 1915இலும் இந்த ஆட்டத்தைப் பற்றிய குறிப்புகள் வெளிவந்தன. மலேசியா பிற்காலத்தில், 1989ஆம் ஆண்டு வரிசையின் பத்துக் காசு நாணயத்திலேயே இதைப் பொறித்துக் கௌரவித்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே மரத்தின் விதை உதவிற்று. நாம் மஞ்சாடி என்பதை மலாய்க்காரர் சாகா என்பார்கள். எடையில் பெரிதும் ஒத்திருப்பதால் பொற்கொல்லர் பொன் நிறுக்கப் பயன்படுத்திய அந்தச் செவ்விதை, சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் இன்றும் உதிர்ந்து கிடக்கிறது. பொருள் ஒன்றாயிருந்தும் விதி வேறாயிருக்கும் இரு ஆட்டங்களை மாறி மாறி ஆடிய பிள்ளைக்கு, அயலாரின் வழக்கத்தை மதிக்கும் பழக்கம் போதனையின்றியே வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, கம்பங்கள் மறைந்து, அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது மண்தரை போயிற்று. பலகை மாத்திரம் சில வீடுகளில் எஞ்சிற்று. தமிழைப் போதனாமொழியாகக் கொண்ட கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. தமிழ் இன்று இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடமும்கூட. ஆயினும் 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே. ஏப்ரல் மாதந்தோறும் தமிழ்மொழி விழா நடப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். என்றாலும், பல்லாங்குழியை ஆண்டுக்கொரு நாள் மேசைமேல் வைத்துக் காட்டுவதால் குழந்தைக்குப் பலகையின் வடிவம் தெரியுமேயன்றி, ஆட்டம் பழகாது. அது அன்றாடம் அரைமணி நேரம் கேட்கும் அப்யாஸம். எதிரே ஒருவர் அமர்ந்து பேசிக்கொண்டே ஆடுவதைக் கேட்கும் அப்யாஸம்.

பாட்டி இல்லாத வீட்டில் தாயோ தந்தையோ அந்த இடத்தில் அமரலாம். அவர்கள் முத்துக்களைத் தமிழிலேயே எண்ண வேண்டும். குழந்தைக்காக வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் முத்துக்களைப் பங்கிட்டுக் குழிகளை நிரப்பும் வேலையை, எவ்வளவு நேரம் பிடித்தாலும், குழந்தையின் கைக்கே விட்டுவிட வேண்டும்.